ஆபத்தை நீக்கக் கோரி

"அப்பா, என் பால்ல வீடு விழுந்துடுச்சு."

மகள் டம்ளரை நீட்டினாள். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காரைத் துண்டு பாலுக்குள் பாதி முழுகிக் கிடந்தது. நிமிர்ந்து படுக்கையறைக் கூரையைப் பார்த்தார். போன மழைக்குத் தட்டு அகலத்தில் இருந்த ஈரக்கறை, இந்த மழைக்குக் கட்டில் அகலத்துக்கு வந்திருந்தது. அதுவும் சரியாகக் கட்டிலுக்கு மேலேயே.

"நல்ல வேளை, பால்லதானே விழுந்துச்சு" என்றார்.

"ஆமா, நல்ல வேளைதான்" என்றாள் மனைவி. "அடுத்தது குழந்தை தலையில விழட்டும். அப்பவும் இதையே சொல்லுங்க."

"அப்பா, இந்தப் பாலைக் குடிக்கணுமா?"

"வேண்டாம்மா."

அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் மகள்தான்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். வீடு முதல் மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, தெருப் பக்கம் ஒரு பால்கனி. கீழே எப்போதோ மூடிய ஒரு கடை, ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. எதிரே மகளின் பள்ளிக்கூடம். தெருமுனையில் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடை. அவர்கள் கொடுக்கும் வாடகைக்கு அந்த ஊரில் வேறு வீடு தேடினால், வீட்டுத் தரகர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிடுகிறார்கள். ஆகவே வீட்டை விடவும் முடியாது, வீட்டுக்குள் இருக்கவும் முடியாது. குழந்தையை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவைப்பது என்று தினமும் கணவனும் மனைவியும் கூரையைப் பார்த்து ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார், சொன்னார், நாக்கு தள்ளும் வரைக்கும் சொன்னார்.

வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். பிரச்சினையே அதுதான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். அவர் சொல்லமாட்டாரே!

"அடடா! குழந்தை இருக்கிற வீடாச்சே தம்பி! எனக்குச் சோறே இறங்காது. நாளைக்கே மேஸ்திரியை அனுப்பறேன். பாப்பா நல்லா படிக்கறாளா?"

அந்த நாளை வரவே இல்லை. மேஸ்திரியும் வரவில்லை. ஆனால் பாப்பா நன்றாகப் படிக்கிறாளா என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் விசாரித்தார்.

பாலில் வீடு விழுந்த அன்று கண்ணாடிக்காரர் கடைக்குப் போய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். சட்டம் படிக்கப் போய் முதல் பரீட்சையோடு திரும்பி வந்தவர். மீதிச் சட்டத்தை அவரே சொந்தமாக யோசித்து வைத்திருந்தார்.

"வாயால சொன்னீங்களா?" என்றார் வக்கீல்.

"வாயாலதான் சொன்னேன். வேற எதால சொல்றது?"

"போச்சு, கெடுத்தீங்க! வாயால சொன்னது காத்தோட போச்சு. எழுத்து மூலமா கேக்கணும்யா. எங்க பழுது, எப்போதிலிருந்து, அதனால யாருக்கு என்ன ஆபத்து, இத்தனை நாளுக்குள்ள சரி பண்ணணும்னு கெடு. கூடவே போட்டோ. ஒரு நகல் நம்ம கையில. ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்."

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்கா?"

"ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பதிவுத் தபால்தான். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா, அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க. அங்கதான் மாட்டுவாரு!"

"சார்" என்றது ஒரு குரல். கண் பரிசோதனை இயந்திரத்தில் தாடையை வைத்தபடி இவ்வளவு நேரமும் ஒரு வாடிக்கையாளர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நான் தாடையை எடுக்கலாமா?"

"எடுக்காதீங்க. இன்னொண்ணு, கண்ணாடிக்காரரே. ஒரு கடிதத்துக்கு ஒரு பழுது. எல்லாத்தையும் ஒரே கடிதத்துல எழுதினா, அதுல லேசானதை மட்டும் செஞ்சுட்டு முடிச்சாச்சும்பாரு. முதல்ல சின்னதுல ஆரம்பிங்க. ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டுப் பெரிசுக்குப் போவோம்."

சின்னது என்றால் பால்கனிக் கம்பிக் கைப்பிடி. அது ஆடிக்கொண்டிருந்தது. வக்கீல் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்காரர் எழுதினார். 'மேற்படி கைப்பிடி மூன்று இடங்களில் சுவரைவிட்டு விலகியுள்ளது. குழந்தை சாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. தாங்கள் உடனடியாக இந்த ஆபத்தை நீக்கி, கைப்பிடியைச் சரிசெய்து தருமாறு கோருகிறேன்.' எழுதி முடித்ததும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

மனைவிக்கு வரவில்லை. "கூரை விழுது, நீங்க கைப்பிடியைப் பத்தி எழுதறீங்களா?"

"அதான் முறையாம்."

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அடுத்த நாளே, நம்பினால் நம்புங்கள், மேஸ்திரியும் வந்தார். கூடவே இரண்டு ஆட்கள். கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கடைக்குப் போனதும் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பால்கனியில் கைப்பிடி இல்லை. கம்பி, கட்டை, திருகு, ஒன்றும் இல்லை. தரை இருந்தது, தரை முடிந்த இடத்தில் தெரு இருந்தது.

"என்னாச்சு?"

"ஆபத்தை நீக்கிட்டாங்களாம்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகளின் இடுப்பில் ஒரு துப்பட்டாவைக் கட்டி, மறுமுனையை மேசைக்காலில் கட்டியிருந்தாள்.

கண்ணாடிக்காரர் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஓடினார்.

"வாங்க தம்பி. இப்ப ஆடுதா?" என்று ஆவலாகக் கேட்டார் வீட்டுக்காரர்.

"ஆடறதுக்கு எதுவுமே இல்லையே சார்!"

"பழசைக் கழட்டினாத்தானே புதுசு மாட்ட முடியும்? புதுக் கைப்பிடிக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துடும். பாப்பா நல்லா படிக்கறாளா?"

வக்கீலிடம் சொன்னால், அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இதைத்தான்யா எதிர்பார்த்தேன். இப்ப அவர் நல்லா சிக்கிட்டாரு. இன்னொண்ணு போடுங்க!"

இரண்டாவது கடிதம் போயிற்று. கைப்பிடி இல்லாத பால்கனி முதலில் இருந்ததைவிட ஆபத்து, ஒரு வாரத்துக்குள் புதுக் கைப்பிடி பொருத்தாவிட்டால் மேல்நடவடிக்கை என்று சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தார். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துப் பதறிப்போனாராம். புதுக் கைப்பிடி வரும் வரைக்கும் அந்தப் பால்கனியை எப்படி விட்டுவைப்பது? மேஸ்திரி ஆட்களோடு வந்தார். பால்கனித் தரையாகவே இருந்த கருங்கல் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, "பாத்துடா, முனை உடைஞ்சுடப் போகுது" என்று பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். பால்கனிக் கதவைத் திறந்தால் நேரே ஆகாயம். அதனால் அதில் நாலு கட்டைகளைக் குறுக்கே வைத்து ஆணி அடித்துவிட்டார்கள்.

வெளிச்சம் போயிற்று. காற்றும் போயிற்று. துணி காயப்போட இடமில்லாமல் ஹாலில் கொடி கட்டியதில், ஈரச் சட்டைகள் தொங்க, குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது.

"போதுங்க" என்றாள் மனைவி. "இருக்கிற வீட்டையாவது மிச்சம் வைங்க."

"இது கடைசிப் படி இல்லையாம். பொறுமையா இருக்கணுமாம்."

"யாரு சொன்னா? அந்த அரைகுறை வக்கீலா? அவருக்கென்ன, சொந்த வீட்ல படுத்துத் தூங்கறாரு!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பால்கனி போனபிறகு வீட்டுக்குக் காற்று வரும் ஒரே வழி சமையலறை ஜன்னல். அந்தத் தேக்கு ஜன்னல் சுவரோடு ஒட்டாமல், மனைவி குழம்பு கிளறும்போதெல்லாம் அடுப்பை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாய்ந்தே விட்டது. அவள் பின்னங்கழுத்தால் தாங்கிக்கொண்டு, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். இவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு, இதை மட்டும் எழுதாமல் எப்படி விடுவது என்று நினைத்தார்.

மூன்றாவது கடிதத்தில் வார்த்தைக்கு வார்த்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். ஜன்னலைக் கழற்றக் கூடாது, இருக்கும் இடத்திலேயே சிமெண்ட் வைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டார்.

மேஸ்திரி வந்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இருக்கிற இடத்துலயே சரி பண்ண முடியாதுங்க. உள்ளாற அரிச்சிருக்கான்னு பட்டறையில வெச்சுத்தான் பாக்கணும்."

"எப்ப திரும்பி வரும்?"

"நாளைக்குங்க."

ஜன்னல் போன இடத்தில் தகரம் வந்தது. அதற்கப்புறம் அந்தச் சமையலறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டால்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரிந்தது. தாளித்தால் வீடு முழுக்கப் புகை. மூன்று பேரும் இருமிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இதற்கு நடுவே கூரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் காலையில் மகளின் தலையணை மேல், அவள் எழுந்து பல் தேய்க்கப் போன பிறகு, ஒரு பெரிய பாளம் விழுந்தது. தலையணை நசுங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அந்தத் தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிஷம். இரண்டே நிமிஷம் அவள் சோம்பல்பட்டிருந்தால்? அதை நினைக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

பேனாவைத் தேடினார்.

"ஐயோ, வேண்டாங்க!" மனைவி பேனாவைப் பிடுங்கினாள். "கூரையைப் பத்தி மட்டும் எழுதாதீங்க! அதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க!"

"எழுதாம எப்படி இருக்கிறது? இதுக்காகத்தானே எல்லாத்தையும் ஆரம்பிச்சோம்?"

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். கூரையைத் தொடக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் மனைவி. அதன் கீழே படுப்பவர்கள் மேல் காரை விழாதபடி தக்க ஏற்பாடு செய்யவும் என்று முடித்தார்கள். இதில் எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை என்று இருவரும் இரண்டு தடவை படித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் தக்க ஏற்பாடு செய்தார். மேஸ்திரியின் ஆட்கள் கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினார்கள். படுக்கையறைக் கதவை நிலையோடு கழற்றி எடுத்தார்கள். அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். இனி அந்தக் கூரைக்குக் கீழே யாரும் படுக்க முடியாது. யார் தலையிலும் காரை விழாது.

"அப்பா" என்றாள் மகள், புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்து. "என் பொம்மை உள்ள இருக்கு."

சுவரின் அந்தப் பக்கம் ஏதோ பொத்தென்று விழுந்தது. மகள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். வேறு பொம்மை வாங்கித் தருகிறேன் என்று கண்ணாடிக்காரர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அவருக்கும் அழுகையாகத்தான் வந்தது. பெரியவர் ஆகிவிட்டதால் இருமினார்.

இனிமேலும் வீட்டுக்காரருக்கு எழுதிப் பயனில்லை என்று வக்கீலே ஒப்புக்கொண்டார். "அடுத்தது மேல்நடவடிக்கை. கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துல புகார். கடித நகல், ஒப்புகை அட்டை, போட்டோ எல்லாத்தையும் சேர்த்துக் குடுங்க. ஆய்வாளர் நேர்ல வந்து பார்த்து உத்தரவு போட்டாங்கன்னா, அந்த உத்தரவு முன்னாடி எந்த வீட்டுக்காரரும் நிக்க முடியாது."

"இது நிச்சயமா?"

"நான் எப்பய்யா தப்பா சொல்லியிருக்கேன்?"

கண்ணாடிக்காரர் அவரையே பார்த்தார். ஆனால் வேறு போக்கிடம் இல்லாதவன் என்ன செய்வான்? அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். புகாரில் எல்லாவற்றையும் எழுதினார். விட்டுப்போகக் கூடாது என்று, மாடிப்படி இடிந்து விழும் நிலையில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டார். கவுண்டரில் இருந்த அம்மாள் நகல்களை எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினாள். "ஒரு பிரதி வீட்டுக்காரருக்குப் போகும். அதான் விதி" என்றாள்.

புகாரைத் திரும்ப வாங்கக் கண்ணாடிக்காரர் கை நீட்டுவதற்குள் அது அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

ஆய்வாளர் வருவதாகச் சொல்லியிருந்த நாளன்று காலையில், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள் மனைவி. இவர் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கடித நகல்களை வரிசையாக அடுக்கி வைத்தார். வெளியே டங் டங்கென்று சத்தம். வாசல் கதவைத் திறந்தால், மேஸ்திரி கீழே நிற்கிறார். மாடிப்படியில் கடைசி இரண்டு கல்தான் மீதி இருந்தது. மற்ற கற்களில் சாக்பீஸால் நம்பர் போட்டு, வண்டியில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

"யோவ், நான் மேல இருக்கேன்யா!" என்று அலறினார் கண்ணாடிக்காரர்.

"தெரியுங்க. அதான் ஏணி கொண்டாந்திருக்கேன்" என்றார் மேஸ்திரி. "புதுப் படிக்குச் சொல்லியாச்சுங்க. நாளைக்கு வந்துடும்." கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் திட்டு மட்டும் மிச்சமிருந்தது. அதில் மூங்கில் ஏணியைச் சாய்த்துவிட்டு வண்டியோடு போய்விட்டார்.

பத்து நிமிஷத்தில் ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயது அம்மாள். கையில் அட்டை, அதில் காகிதம், காதில் பேனா. நடுத்தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டடப் பாதுகாப்பு அலுவலகம்! மேல எப்படி வர்றது?"

"ஏணி இருக்கு மேடம்!"

"ஏணியில ஏற எங்களுக்கு அனுமதி இல்லை. விழுந்தா யார் பொறுப்பு?"

"இனிமே என் பெண்டாட்டி, பிள்ளையெல்லாம் இதுலதான் மேடம் ஏறணும்!"

"அவங்க அரசு ஊழியர் இல்லையே."

ஆய்வாளர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, விசாரணை கீழிருந்து மேலாக நடந்தது.

"மாடிப்படி இடிஞ்சு விழற நிலைமையில இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எங்க அந்தப் படி?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க மேடம்!"

"அப்ப இடிஞ்சு விழாது." ஒரு டிக் போட்டார். "பால்கனி?"

"அதுவும் இல்ல மேடம்!"

"அதுவும் விழாது. சமையலறை ஜன்னல்?"

"மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

டிக். "படுக்கையறைக் கூரை?"

"இருக்கு! இருக்கு மேடம்!" பறிகொடுத்த பொருள் ஒன்று திரும்பக் கிடைத்தவர் மாதிரி கண்ணாடிக்காரர் கத்தினார். "தினமும் விழுது மேடம்!"

"அதுக்குக் கீழ யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க. எங்க பொண்ணோட பொம்மை மட்டும் இருக்கு."

"பொம்மை எங்க அதிகாரத்துல வராதுங்க." கடைசி டிக்கையும் போட்டுவிட்டு, ஆய்வாளர் அட்டையை அக்குளில் செருகிக்கொண்டார். "பொதுவா நாங்க உத்தரவு போட்டு, அபராதம் போட்டு, வருஷக்கணக்கா அலைஞ்சாலும் யாரும் ஒரு செங்கல்லைத் தொடமாட்டாங்க. இவ்வளவு சீக்கிரமா எல்லா ஆபத்தையும் நீக்கின வீட்டுக்காரரை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்லை."

"மேடம், எங்களுக்குப் படி வேணும் மேடம்!"

"தனியா ஒரு புகார் குடுங்க. நேர்ல வந்து, மேல ஏறிப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"படி இல்லாம எப்படி மேல ஏறுவீங்க?"

ஆய்வாளர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுவும் சரிதான். முதல்ல படி போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள். கண்ணாடிக்காரர் துவைத்த சட்டையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. நியாயமாகக் கேட்டோம், மரியாதையாகக் கேட்டோம், முறைப்படி கேட்டோம், எங்கே தப்புச் செய்தோம் என்று அவருக்குத் துளிகூடப் புரியவில்லை.

சாயங்காலம் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பாதியில் ஏணி ஆடியது. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மேலே வந்து சேர்ந்ததும் மனைவி மகளை இறக்கிவிட்டாள். கொடியிலிருந்து துணிகளை உருவிப் பையில் அடைத்தாள்.

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு."

"அங்க ஒரே அறைதானே?"

"அந்த ஒரு அறைக்கும் படி இருக்கு, ஜன்னல் இருக்கு." பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டியபடியே அழுதாள். "உங்க மேல கோபம் இல்லைங்க. நீங்க எதுக்குச் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இவளை வெச்சுக்கிட்டு என்னால இந்த ஏணியில ஏறி இறங்க முடியாது. நீங்களும் வந்துடுங்க."

"நான் பூட்டிட்டு வந்தா, காலி பண்ணிட்டாங்கன்னு சொல்லிடுவாரு. அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துல நமக்கு எவன் வீடு குடுப்பான்?"

"இதை வீடுன்னா சொல்றீங்க?"

அவர் ஹாலைப் பார்த்தார். ஆணி அடித்த ஒரு கதவு, செங்கல் அடைத்த ஒரு வாசல், சமையலறைப் பக்கம் இருட்டு. நடுவில் மூன்று பேர் படுக்கிற கட்டில். இருந்தாலும் அவருக்கு அது வீடாகத்தான் தெரிந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலில் அவரே இறங்கினார். பிறகு பை, பிறகு மனைவி. தெருமுனை திரும்பும் வரைக்கும் மகள் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

"எல்லாம் சரியானதும் போன் பண்றேன்" என்று கத்தினார். எது சரியாகும், எப்படிச் சரியாகும் என்று அவருக்கே தெரியாது.

மறுநாளும் அவர் கடைக்குப் போகவில்லை. வக்கீல் போன் செய்து, இதற்கெல்லாம் மேல் ஒரு மேல்நடவடிக்கை இருப்பதாக ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தார். பேனாவை எடுத்துப் பரண்மேல் எறிந்தார். இனி ஒரு வரி எழுதுவதில்லை. கூரை விழட்டும், சுவர் விழட்டும், இருக்கிறதோடு இருந்துவிட்டுப் போகலாம். படி வந்தால் பெண்டாட்டி பிள்ளை வருவார்கள். வராவிட்டால் இப்படியே கட்டிலில் கிடக்கலாம்.

வெயில் தாழ்ந்த பிறகு ஏணி கிறீச்சிட்டது. வாசலில் ஒரு தலை எழும்பியது. மேஸ்திரி. இந்தத் தடவை ஆட்கள் யாரும் இல்லை.

"படி கொண்டாந்தீங்களா?" கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார்.

"நாளைக்குங்க."

மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. "ஏன் மேஸ்திரி, நான் தெரியாமத்தான் கேக்கறேன். கழட்டறதுக்கு இத்தனை தடவை கூலி குடுத்தாரே, அதே கூலியைச் சரி பண்றதுக்குக் குடுத்திருந்தா என் குழந்தை இந்த வீட்ல இருந்திருக்குமே? அவருக்கு மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?"

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவரைக் குத்தம் சொல்லாதீங்க ஐயா. ரொம்ப நியாயமான மனுஷன். குடியிருக்கிறவங்க கைப்பட எழுதிக் குடுக்காம அந்த வீட்ல ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது, நாளைக்கு ஒரு சொல்லு வந்துடும்னு எங்களைக் கண்டிப்பா சொல்லி வெச்சிருக்காரு."

"நான்தான் இப்ப ஒண்ணும் எழுதலையே! பின்ன எதுக்கு வந்தீங்க?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, வாசல் கதவின் உயரத்தை ஒரு தடவை அளந்தார். அகலத்தையும் அளந்தார். பிறகு கதவை ஆசையாகத் தடவிக் கொடுத்தபடி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"ஊருக்கு வெளியில அவரு பொண்ணுக்குக் கட்டற வீட்ல உங்க கம்பி, உங்க கல்லு, உங்க ஜன்னல், உங்க படி எல்லாம் பொருத்தியாச்சு, வாசக்கதவு ஒண்ணுதான் பாக்கி, அது எப்ப ஆபத்தாகும்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."